பனியில் உறைந்து நிற்கும் காரை எப்படி வெளியே எடுப்பது?

கேள்வி (ஸ்காபரோவிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். கனடாவில் எனக்கு இது முதலாவது குளிர்காலம். வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புறத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தியபோது, தரையில் இளகிய பனி கணுக்கால் அளவுக்குச் சேறுபோலக் கிடந்தது. அன்றிரவே வெப்பநிலை மைனஸ் 14 பாகைக்கு இறங்கியது. அதன்பின் இரண்டு நாட்கள் பனி கொட்டியது. பனி வழிக்கும் வண்டி ஒதுக்கிய குவியலும் முன்பக்கத்தை மூடிவிட்டது. இன்று காலை அரை மணி நேரம் முயன்றும் கார் அசையவில்லை. முன்சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழல்கின்றன, ரப்பர் கருகும் மணம் வருகிறது, அவற்றின் கீழே தரை கண்ணாடிபோல மினுங்குகிறது. சுடுநீர் ஊற்றலாமா? காருக்குச் சேதமில்லாத வழியை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மறுமொழி (மார்க்கம் நகரிலிருந்து)

தம்பி, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாகக் காரின் பின்னே போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். அதன் வாயைப் பனி அடைத்திருக்கும்போது இயந்திரத்தை ஓடவிட்டால், கார்பன் மொனொக்சைட்டு என்ற நச்சுவாயு காருக்குள் புகும். அதற்கு மணமோ நிறமோ இல்லை. வெளியே ஒருவர் பனி அள்ள, உள்ளே குளிருக்காகக் குழந்தைகளை இருத்தி வைப்பது பலரும் செய்யும் தவறு. உயிரையே பறிக்கக்கூடிய தவறு. குழாயின் வாயையும் அதைச் சுற்றி ஓரிரு அடியையும் துப்புரவாக்கிய பின்னரே சாவியைத் தொடுங்கள்.

அடுத்து, ஆக்சிலேட்டரை மிதிப்பதை உடனே நிறுத்துங்கள். சில்லு சுழலச் சுழல அந்த உராய்வின் சூட்டில் ஐஸ் உருகி மெல்லிய நீர்ப்படலமாகிறது. நீங்கள் காலை எடுத்ததும் அது மீண்டும் உறைந்து முன்னைவிட வழுவழுப்பாகிறது. நீங்கள் கண்ட மினுக்கம் அதுதான். சுடுநீரும் இதே வேலையைத்தான் செய்யும். மைனஸ் 14இல் சற்று நேரத்தில் புதிய ஐஸ் ஆகிவிடும். முன்கண்ணாடியில் ஊற்றினால் கண்ணாடியே வெடிக்கலாம்.

பிறகு குனிந்து காரின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே பனி இறுகியிருந்தால் காரின் பாரத்தை அதுவே தாங்கிக்கொள்ளும். சில்லுகளுக்குப் பிடிப்பு இராது. நீளமான பிடியுள்ள மண்வெட்டியால் அதை இழுத்தெடுங்கள். நான்கு சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் ரயரின் பக்கச்சுவரில் படாதவாறு ஐஸைக் கொத்தி உடையுங்கள். சாதாரண உப்பு ஏறத்தாழ மைனஸ் 10 பாகைக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. கல்சியம் குளோரைட்டுக் கலந்த ஐஸ் உருக்கியை வாங்குங்கள். பிடிப்புக்கு மணலோ, நீர் பட்டால் கட்டியாகாத வகைப் பூனை மணலோ (வீட்டுப் பூனையின் கழிப்புத் தட்டில் இடுவது) போதும். கால்மிதியை வைப்பவர்களும் உண்டு, ஆனால் சில்லு அதைப் பின்னால் வேகமாக வீசியெறியும். அந்தப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

இவ்வளவும் முடிந்த பின் ஸ்டியரிங்கை நேராக்கி, வழுக்குதலைக் கட்டுப்படுத்தும் பொத்தானை அணைத்து, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். ஒவ்வொரு முறையும் கார் முழுதாக நின்ற பின்னரே கியரை மாற்றுங்கள். ஐந்தாறு முறையில் அசையாவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி மண்வெட்டியை எடுப்பதே நல்லது. விடாமல் ஆட்டினால் கியர்ப்பெட்டி சூடேறிக் கெட்டுப்போகும்.

மறுமொழி (மொன்றியலிலிருந்து)

மேலே சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். கைபிரேக் போட்டிருந்தீர்களா என்பதையும் பாருங்கள். ஈரத்தோடு நிறுத்திய காரில் பிரேக் கட்டைகள் உறைந்து ஒட்டிக்கொள்ளும்; நீங்கள் கைபிரேக்கை விடுவித்தாலும் பின்சில்லுகள் சுழலாமல் இழுபடும். ஒட்டோமற்றிக் காரைச் சமதரையில் கைபிரேக் போடாமல் கியரை 'பி'யில் (பார்க்) விட்டால் போதும். ரயரையும் கவனியுங்கள்: 7 பாகைக்குக் கீழே கோடைக்கால ரயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் அதைப் பொருத்தினால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு உண்டு, கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி, அண்ணா. புகைக்குழாயின் வாய் முழுவதும் அடைபட்டே இருந்தது. காலையில் அரை மணி நேரம் அப்படியே ஓடவிட்டதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. கைபிரேக் உறைந்திருக்கவில்லை. காரின் அடியில் இறுகியிருந்த பனியை எடுக்கவே ஒன்றரை மணி நேரம் சென்றது. இடது முன்சில்லின் முன்னால் கொத்தியபோது ஐஸ் ஒரு தட்டுப்போலக் கழன்று வந்தது. அதில் ரயரின் வரிகள் அச்சடித்தாற்போலப் பதிந்திருந்தன. மணல் தூவியபின் மூன்றாம் முறையில் கார் வெளியே வந்தது. இப்போது வழித்துத் துப்புரவாக்கிய மேடான சமதரையில், கைபிரேக் போடாமல், 'பி'யில் நிறுத்தியிருக்கிறேன்.