நாசிலுக்கு என்ன சொல்? டீசல் பிக்கப் கையேட்டுக்கான கலைச்சொல் இழை

கையேட்டை மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

டீசல் பிக்கப் வண்டிகளின் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எஞ்சினுக்குள் டீசலைப் பாய்ச்சும் இன்ஜெக்டர்களின் பழைய நாசில்களைக் கழற்றிவிட்டுப் பெரிய துளை கொண்டவற்றைப் பொருத்துவது பற்றிய இயல் மட்டும் நிற்கிறது. நிறுத்தி வைத்திருப்பது சொற்கள்தான்.

இந்த இயலில் மூன்று பொருள்கள் வரிக்கு வரி வருகின்றன. இன்ஜெக்டர் என்ற முழு உறுப்பு; அதன் அடியில் எரியறைக்குள் நீண்டிருக்கும் நாசில்; நாசிலுக்குள் ஏறி இறங்கும் ஊசி. எனக்கு முன் இந்த இயலைத் தொட்டவரின் வரைவில் முதலிரண்டுக்கும் 'உட்செலுத்தி' என்றே இருக்கிறது. 'உட்செலுத்தியிலிருந்து உட்செலுத்தியைக் கழற்றவும்' என்று ஒரு வரி. இதைப் படிக்கும் மாணவர் எதைக் கழற்றுவார்? கூடவே, 'அப்கிரேடு' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். உதவுங்கள்.

பணிமனைப் பயிற்றுநர் எழுதியது:

அம்மா, வணக்கம்.

பணிமனையில் புழங்கும் சொற்கள் இன்ஜெக்டர், நாசில், ஊசி, வாஷர். உட்செலுத்தி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் சொல் தேடுமுன் பொருளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நட்டைத் திருகி நாசிலைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்தால் அது விரலைவிடச் சிறிய ஓர் எஃகுத் துண்டு. அதன் முனையைச் சுற்றிச் சில துளைகள். ஒவ்வொன்றின் விட்டமும் 0.1 மில்லிமீட்டரிலிருந்து 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உள்ளே ஊசி. பழைய வகை நாசில்களில், ஊசியைத் தூய டீசலில் நனைத்து, மூன்றில் ஒரு பங்கை வெளியே இழுத்துச் சாய்த்துப் பிடிப்போம். தன் எடையிலேயே அது தடங்கலின்றி இறங்கி அமர வேண்டும். இடையில் நின்றால் அந்த நாசில் ஆகாது. ஊசியும் அதன் கூடும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட இணை. நடுவிலுள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒன்றின் ஊசியை இன்னொன்றின் கூட்டில் போடக் கூடாது.

ஆகவே, என்ன சொல் வைத்தாலும் முழு உறுப்பு வேறு, முனை வேறு, ஊசி வேறு என்பது தெரிய வேண்டும். பெரிய நாசில் போடுபவர் பெரும்பாலும் முனையைத்தான் மாற்றுகிறார். இன்ஜெக்டரின் உடல் பழையதாகவே இருக்கும். இந்த வேறுபாடு மறைந்தால் இயலே வீண்.

இலக்கணம் கற்பிப்பவர் எழுதியது:

'உட்செலுத்தி' முறையான ஆக்கம். உள் என்பதன் ளகரம் வல்லினம் வரும்போது டகரமாகத் திரிகிறது. செலுத்து என்ற வினை இகர விகுதி பெற்றுக் கருவிப்பெயராகிறது. அதை முழு உறுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாசிலுக்குத் 'தெளிமுனை' என்று முன்மொழிகிறேன். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. தெளித்த முனை, தெளிக்கும் முனை என முக்காலத்துக்கும் விரியும். துளைகளுக்குத் 'தெளிதுளை'. இதையும் வினைத்தொகையாகவே கொள்வதால் நடுவில் தகரம் இரட்டிக்க வேண்டாம். 'தெளித்துளை' என்று அச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லாய்வு அன்பர் எழுதியது:

தெளிமுனை எனக்கு ஒப்பவில்லை. 'தெளி' என்றவுடன் தெளிந்த நீரும் தெளிந்த அறிவும்தான் முதலில் நினைவுக்கு வரும். இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது: சிவிறி. பழைய நீர்விளையாட்டு வருணனைகளில் நீரை வீசிப் பீச்சும் கருவிக்கு இதுவே பெயர். குழல், அழுத்தம், நுண்துளை, சிதறல் நான்கும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. புதிதாக எதையும் ஒட்டவைக்கத் தேவையில்லை.

தூம்பையும் மறந்துவிட வேண்டாம். யானையின் துதிக்கையைச் சங்கப் பாடல் 'தூம்புடைத் தடக்கை' என்கிறது. உள்ளே துளையுடைய நீண்ட உறுப்பு. நீரை உறிஞ்சும், பீய்ச்சும். குளத்து மதகிலும் தூம்பு உண்டு, இசைக்கருவியிலும் தூம்பு உண்டு. முழு இன்ஜெக்டருக்குத் தூம்பு, அதன் முனைக்குச் சிவிறி. இந்த இணையைவிட அழகான ஒன்றை யாராவது காட்டுங்கள்.

துருத்தியைச் சிலர் நினைக்கக்கூடும். 1897-இல் ருடால்ஃப் டீசல் இயக்கிக் காட்டிய எஞ்சினில் அழுத்தக் காற்றுதான் எண்ணெயை ஊதி உள்ளே தள்ளியது. அதற்குத் துருத்தி என்ற பெயர் அச்சாகப் பொருந்தியிருக்கும். பாஷ் நிறுவனம் 1927-இல் அழுத்தப் பம்புகளைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகு எண்ணெயே தன் அழுத்தத்தால் பாய்கிறது. ஊதும் காற்று இல்லை. ஆகவே துருத்தி இனிப் பொருந்தாது. சிவிறி பொருந்தும்.

இலக்கணம் கற்பிப்பவர் எழுதியது:

ஐயா, விசிறி என்பது எழுத்து நிலைமாறிச் சிவிறி என நிற்பதை இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியிலேயே படிக்கிறோம். ரேடியேட்டரின் பின்னால் ஒரு விசிறி சுழன்றுகொண்டிருக்கும் வண்டியில், நாசிலுக்குச் சிவிறி என்று பெயரிட்டால் மாணவர் என்ன நினைப்பார்?

சொல்லாய்வு அன்பர் எழுதியது:

ஒரே வேரில் பிறந்த சொற்கள் பொருளில் பிரிந்து போவது மொழியின் இயல்பு. விசிறு என்றால் வீசிப் பரப்புதல்; வலையை விசிறுகிறோம், விதையை விசிறுகிறோம். நாசில் செய்வதும் எரிபொருளை விசிறுவதே. உறவு தெரிவதால் சொல் வலுப்பெறுகிறது. 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்றார் தொல்காப்பியர். காரணம் உடனே தோன்றவில்லை என்பதற்காகச் சொல்லைத் தள்ளக் கூடாது.

புதிய உறுப்பினர் எழுதியது:

வணக்கம். நாசில் என்ற சொல்லே 'நாசி'யிலிருந்து வந்ததுதானே? அப்படியானால் அது நம் சொல்தான், அப்படியே வைத்துக்கொள்ளலாமே?

சொல்லாய்வு அன்பர் எழுதியது:

தம்பி, அது அப்படியில்லை. ஆங்கிலத்தில் மூக்கைக் குறிக்கும் சொல்லோடு சிறுமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து பிறந்தது அது. சிறு மூக்கு என்பது பொருள். நாசி வடமொழியிலிருந்து நமக்கு வந்தது. இரண்டும் ஒரே தொல்குடும்பத்தின் கிளைகள் என்பதால் ஒலி ஒத்திருக்கிறது; ஒன்றிலிருந்து மற்றது பிறக்கவில்லை. கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 'மூக்கு' என்றே வைக்கலாம். கெண்டியின் நீர் விழும் குழலை நாம் மூக்கு என்றுதானே சொல்கிறோம்? அதை நான் இரண்டாவது தேர்வாக ஏற்பேன். முதல் தேர்வு சிவிறியே.

மருத்துவ நூல்களைத் தமிழாக்குபவர் எழுதியது:

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. 'ஊசி' என்று எழுதும் இடங்களில் கவனம் தேவை. எங்கள் துறையில் ஊசி என்றால் மருந்தேற்றும் செயலையும் குறிக்கும். 'ஊசி பழுதானால் ஊசியை மாற்றவும்' போன்ற வரிகள் குழப்பும். 'அடைப்பூசி' என்று சேர்த்து எழுதினால் துளையை அடைத்துத் திறப்பது அதன் வேலை என்பதும் விளங்கும்.

சொல்லைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். உயர் அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஒரு சிறு புள்ளிதான் தெரியும். வலியும் தொடக்கத்தில் குறைவாகவே இருக்கலாம். உள்ளே திசு அழிந்துகொண்டிருக்கும். உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை அது. கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. கலைச்சொல் எதுவானாலும் இந்த எச்சரிக்கையை எவருக்கும் புரியும் தமிழில், கட்டம் கட்டி, இயலின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

பணிமனைப் பயிற்றுநர் எழுதியது:

மேலே உள்ள எச்சரிக்கையை நான் இருமடங்கு அழுத்தமாக வழிமொழிகிறேன்.

அடுத்து 'அப்கிரேடு'. வரைவில் 'நாசில் மேம்படுத்தல்' என்று இருக்கிறது. இந்தச் சொல்லை நான் ஏற்க மாட்டேன். மேம்படுத்தல் என்றால் செய்து முடித்ததும் நிலைமை மேலாகிவிட்டது என்று பொருள். பெரிய நாசில் போட்டவுடன் எதுவும் மேலாகிவிடுவதில்லை.

துளையின் விட்டத்தை 10 விழுக்காடு கூட்டினால் அதன் பரப்பு 21 விழுக்காடு கூடுகிறது. அதே அழுத்தத்தில், அதே நேரத்தில், ஏறத்தாழ அவ்வளவு கூடுதல் டீசல் உள்ளே போகும். டீசல் முழுமையாக எரிய எடையில் சுமார் 14.5 மடங்கு காற்று வேண்டும். நடைமுறையில் புகையில்லாமல் எரிய அதைவிடவும் அதிகம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ அந்த அளவைத் தராவிட்டால் கரும்புகை வரும், வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறும், பாரம் இழுத்து மேடேறும்போது பிஸ்டன் உருகும் வரை போகலாம். தெளிப்பின் கோணம் பிஸ்டன் தலையிலுள்ள குழிவோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் டீசல் சிலிண்டர் சுவரில் பட்டு எஞ்சின் ஆயிலோடு கலக்கும். துளை பெரிதானது கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரியாது. அது பழைய கணக்குப்படியே ஊசியைத் திறந்து வைக்கும். முக்கியப் பாய்ச்சலுக்கு முன் கொடுக்கப்படும் மிகச் சிறிய முன்பாய்ச்சல்கூட அளவு மீறும். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது தட்டல் ஒலி எழும். பல இன்ஜெக்டர்களின் தலையில் அதன் அளவீட்டுக் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். நாசிலை மாற்றிய பிறகு அந்தக் குறியீடு செல்லாது. சோதனை மேசையில் ஏற்றி எல்லா இன்ஜெக்டர்களின் பாய்வும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, புதிய அளவீட்டைக் கணினியில் பதிக்க வேண்டும். உயர் அழுத்தப் பம்பும் அந்தக் கூடுதல் பாய்வுக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்த பிறகே அது மேம்பாடு. அதற்கு முன் அது பெரிதாக்கல் மட்டுமே. மாணவர் தலைப்பைப் பார்த்து நம்புவார். ஆகவே 'பாய்வுயர்த்தல்' என்று போடுங்கள். என்ன உயர்கிறதோ அதை மட்டும் சொல்லும் சொல் அது.

இலக்கணம் கற்பிப்பவர் எழுதியது:

பாய்வுயர்த்தல் நன்று. பாய்வு, உயர்த்தல் என்று பிரித்து எழுதினாலும் பிழையில்லை.

தனித்தமிழ் ஆர்வலர் எழுதியது:

எல்லாம் சரி. டீசல், டர்போ, பிஸ்டன் என்பவற்றை யாரும் தொடவே இல்லையே? ஓர் உறுப்புக்கு மட்டும் தமிழ்ப்பெயர் வைத்து, சுற்றியுள்ள பத்துக்கும் வேற்றுப்பெயர் வைப்பது என்ன முறை? பிஸ்டனுக்கு உந்துருளி இருக்கிறது. டர்போவுக்குச் சுழலூதி என்று ஆக்கலாம்.

பணிமனைப் பயிற்றுநர் எழுதியது:

ஐயா, டீசல் ஒருவரின் பெயர். அதை மாற்ற முடியாது. மற்றவற்றை மாற்றலாம். ஆனால் மாணவர் நாளை உதிரிபாகம் கேட்கப் போகும் இடத்தில் உந்துருளி என்றால் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. வேறுபாடு குழம்பும் இடத்தில் தமிழ்ச்சொல் ஆக்குவோம். குழப்பமே இல்லாத இடத்தில் வழக்கை விட்டுவிடுவோம். 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியர் வழிவிட்டது பிறமொழிச் சொல் நம் எழுத்தில் நம் சொல்லாக நிற்கத்தானே?

தனித்தமிழ் ஆர்வலர் எழுதியது:

அவர் வழிவிட்டது செய்யுளுக்கு. வாசலையே கழற்றி வைத்துவிட அன்று.

கையேட்டை மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இனியும் காத்திருக்க இயலாததால், இதுவரை வந்தவற்றில் பெரும்பான்மையினர் ஏற்ற வடிவத்தை இயலில் போட்டுவிட்டேன். முழு உறுப்பு உட்செலுத்தி, நாசில் தெளிமுனை, ஊசி அடைப்பூசி, துளை தெளிதுளை, மாற்றும் வேலைக்குப் பாய்வுயர்த்தல். ஒவ்வொரு சொல்லும் முதலில் வரும் இடத்தில் 'பணிமனை வழக்கில் நாசில்' என்பதுபோல ஒரு தொடர் சேர்த்திருக்கிறேன். பிஸ்டனும் டர்போவும் அப்படியே நிற்கின்றன. எச்சரிக்கை முதல் பக்கத்தில் கட்டத்துக்குள் இருக்கிறது. உட்செலுத்தியை மீண்டும் பொருத்தும்போது செப்பு வாஷரைப் புதிதாகப் போட வேண்டும் என்ற வரி வரைவில் விடுபட்டிருந்தது, அதையும் சேர்த்துவிட்டேன்.

சொல்லாய்வு அன்பர் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. பூச்சிமருந்து அடிக்கும் கருவிக்கும் வாசனைத் திரவியப் புட்டிக்கும் தெளிமுனை என்றே நாளை சொல்வார்கள். அன்று உங்கள் சொல் தன் தனித்தன்மையை இழந்து நிற்கும். அடுத்த பதிப்பின்போது சிவிறிக்காக மீண்டும் வாதிடுவேன். இப்போதே அதற்கான சான்றுகளைத் தொகுக்கத் தொடங்கிவிட்டேன்.

அது இருக்கட்டும். நான்காம் இயலில் 'காமன் ரெயில்' என்பதைப் 'பொதுத் தண்டவாளம்' என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. எல்லா உட்செலுத்திகளுக்கும் டீசலை அழுத்தத்தோடு தேக்கி வைக்கும் குழாய் அது. அச்சுக்குப் போகுமுன் மாற்றுங்கள்.

கையேட்டை மொழிபெயர்ப்பவர் எழுதியது:

'பொது அழுத்தக் குழாய்' என்று மாற்றிவிட்டேன் ஐயா. சரிதானே?

பணிமனைப் பயிற்றுநர் எழுதியது:

குழாய் என்றால் வெறுமனே கடத்துவது என்றாகிவிடும் அம்மா. அது தேக்கியும் வைக்கிறது. சில எஞ்சின்களில் 2000 பார் அழுத்தத்தையும் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) தாண்டித் தாங்கி நிற்கும். 'பொதுத் தேக்குக்குழல்' என்றால் என்ன?

இலக்கணம் கற்பிப்பவர் எழுதியது:

வினைத்தொகையாகக் கொண்டால் 'தேக்குகுழல்'. ககரம் மிகாது.