ஃபோர்ட் பிராக் போக வழி: ஹைவே 20-ல் வேன் நிறுத்த இடம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஜனவரி இரண்டாம் வாரம் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் போகிறோம், இரண்டு இரவு. கூட அம்மா, சக்கர நாற்காலியில். வண்டி டொயோட்டா சியன்னா, வலது பக்கம் ராம்ப் இறங்கும். அதற்குப் பக்கத்தில் 8 அடியாவது சமதளம் வேண்டும்.

சிக்கல் பாதைதான். வழக்கமான வழி, குளோவர்டேலில் பிரியும் ஹைவே 128. நவாரோ ஆற்று முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துவிட்டால், பெருமழை இல்லாமலே தண்ணீர் பின்வாங்கி ரோட்டில் ஏறி 128-ஐ மூடிவிடுகிறார்கள். அப்போது மிஞ்சுவது ஹைவே 101-ல் வில்லிட்ஸ் வரை போய் ஹைவே 20. சுமார் 33 மைல், ரெட்வுட் காட்டுக்குள் வளைவுக்கு மேல் வளைவு. அம்மாவுக்கு அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தாவிட்டால் வாந்தி வந்துவிடும். லெகெட் வழியாக வரும் ஹைவே 1 இதைவிட மோசம் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

கால்டிரான்ஸ் (மாநிலப் போக்குவரத்துத் துறை) நடத்தும் குவிக்மேப் என்ற இணைய வரைபடத்தில் ரோடு மூடினால் தெரிகிறது, ஒதுங்கும் இடம் எவ்வளவு அகலம் என்று தெரியவில்லை. சாட்டிலைட் படத்தில் மரநிழல் எல்லாவற்றையும் மறைக்கிறது. வில்லிட்ஸ், ஃபோர்ட் பிராக் ஊர்களின் சுற்றுலா ரயிலான ஸ்கங்க் டிரெயினும் உதவாது, சுரங்கம் இடிந்ததிலிருந்து வில்லிட்ஸிலிருந்து கடற்கரை வரை ஓடுவதில்லை.

ஊருக்குள் கவலை இல்லை. பழைய மர ஆலை நிலத்தில் போட்ட கடலோரப் பாதை தார் போட்டது, நாற்காலி சுகமாக உருளும், திமிங்கிலம் பார்க்க அதுவே போதும்.

வில்லிட்ஸிலிருந்து மேற்கே போகும்போது, ஹைவே 20-ன் நடுப்பகுதியில் வலது பக்கம் ராம்ப் இறக்கும் அளவுக்குக் கெட்டியான, சமமான இடம் எந்த மைல்கல் அருகே இருக்கிறது?