பாட்டு விக்கினால் எந்தத் தாங்கல் வற்றியது?

செங்கோட்டையிலிருந்து:

வீட்டு நெட்வொர்க்கில் பாட்டு கேட்கும் மென்பொருளின் தமிழாக்கத்தில் ‘பஃபர் அண்டர்ரன்’ என்ற பிழைச்செய்திக்கு மூன்று பரிந்துரைகள் கிடக்கின்றன: ‘இடையகக் கீழோட்டம்’, ‘குறையோட்டப் பிழை’, ‘இசைத் தடங்கல்’. மூன்றும் வேண்டாம் என்பது என் கட்சி. முதல் இரண்டும் ஆங்கிலத்தின் எலும்புக்கூடு. மூன்றாவது காதுக்குக் கேட்டதைச் சொல்கிறது. பெட்டிக்குள் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. ‘தடங்கல்’ என்று படித்தவர் உடனே இணைய நிறுவனத்துக்குப் போன் போடுவார். பாதி நேரம் இணையத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

நடப்பது குளத்துப் பாசனம்தான். கால் வழியாகக் குளத்துக்கு வரத்து, மடை வழியாக வயலுக்குப் போக்கு. வரத்து நெட்வொர்க், அது விட்டுவிட்டுத்தான் வரும். மடை ஒலி அட்டை. நொடிக்கு 44,100 மாதிரி (ஒலியை அளந்த ஒற்றை எண்) என்று ஒரே அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும். நடுவில் இருக்கும் குளம் பஃபர். வரத்து நின்றாலும் குளத்தில் தண்ணீர் இருக்கும்வரை வயலுக்குத் தெரியாது. குளம் வற்றிய நொடியில்தான் பாட்டு அறுபடும்.

ஆனால் குளம் ஒன்றல்ல, இரண்டு. இதை விட்டுவிட்டால் கலைச்சொல்லும் தப்பாகும், பழுது பார்ப்பதும் தப்பாகும். முதல் குளம் நெட்வொர்க் பக்கம் இருப்பது, பெரியது. 2 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 320 கிலோபிட் எம்பி3-க்கு அது 52 நொடி தாங்கும். சிடி தரத்து ஃபிளாக் (தரம் இழக்காமல் அமுக்கிய கோப்பு) சராசரியாக 900 கிலோபிட் என்றால் சுமார் 18 நொடி. அமுக்காத 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 9.2 மெகாபிட், 2 நொடிகூட நிற்காது. இரண்டாவது குளம் ஒலி அட்டைக்கு முன்னால் இருப்பது. 1,024 மாதிரி கொண்ட நான்கு தவணை (ஒலி அட்டைக்கு ஒரு தடவையில் கொடுக்கும் துண்டு) என்றால் 4,096 மாதிரி. அது வெறும் 93 மில்லிநொடி.

பெரியது வற்றினால் கோளாறு வரத்தில். பெரியது நிரம்பியிருக்கச் சிறியது வற்றினால் வைஃபையை நோண்டிப் பிரயோசனம் இல்லை, கோளாறு பெட்டிக்குள். ஆகவே எந்தக் குளம் என்று சொல்ல இடம் கொடுக்கும் சொல் வேண்டும். ‘குளவற்று’ என்று போடலாமா?

திருத்தணியிலிருந்து:

வற்று சரிங்க. குளம் சரிவராது. எங்கள் பக்கம் குளம் என்றால் கோயில் குளம். படிக்கட்டு இறங்கிக் கால் நனைக்கிற இடம். வயலுக்குப் பாய்வது ஏரி. செங்கோட்டைக்காரர் குளம் என்றால் இங்கே யாருக்கும் மடை ஞாபகம் வராது.

பஃபருக்குத் ‘தாங்கல்’ என்று வையுங்கள். வேதியியல் பாடத்தில் ‘தாங்கல் கரைசல்’ என்று படித்தவர்களுக்குப் புதுச்சொல் இல்லை. தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்றால் சின்ன ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப் பெயரிலேயே நிற்கிறது. தண்ணீரைத் தாங்குவது, அதிர்ச்சியைத் தாங்குவது, இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கிறது. ‘இடையகம்’ என்பதில் இடையில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிகிறது. எதற்காக இருக்கிறது என்று தெரியவில்லை.

செங்கோட்டையிலிருந்து:

எங்கள் ஊரில் ‘மனத்தாங்கல்’தான் முதலில் நினைவுக்கு வரும். பரவாயில்லை, பாட்டு நின்றால் அதுவும் வரத்தான் செய்யும். பெருந்தாங்கல், சிறுதாங்கல் என்று பிரித்துக்கொள்ளலாம் என்றால் எனக்குச் சம்மதம். ஒன்று மட்டும்: ‘தாங்கல் வற்றல்’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள், மொட்டைமாடியில் காயப்போடுவார்கள். ‘தாங்கல்வற்று’ போதும்.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து:

‘வற்று’ எங்களுக்கு இரட்டை லாபம். மலையாளத்திலும் வற்றுவது வற்றுவதுதான். திரை பார்த்துச் சரிசெய்ய வருகிறவர் மலையாளி என்றாலும் வாசித்துக் காட்டினால் புரிந்துகொள்வார்.

காதுக்குக் கேட்பதற்குத் தனிச்சொல் வேண்டும். அது ‘விக்கல்’ ஆகட்டும். தமிழில் விக்கல் என்றால் தண்ணீர் குடித்தால் நிற்பது. மலையாளத்தில் ‘விக்கு’ என்றால் திக்கிப் பேசுவது. எல்லையின் எந்தப் பக்கம் நின்று கேட்டாலும் பாட்டுக்குப் பொருந்துகிறது. விக்கல் நோயின் குறி, தாங்கல்வற்று காரணம் என்று உதவிப்பக்கத்தில் முதல் வரியிலேயே பிரித்துவிட வேண்டும்.

அந்த உதவிப்பக்கத்துக்கு என் வரைவு. முதல் சோதனை: அதே பாட்டை யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, பிளேயரிலேயே செருகி ஓட்டுங்கள். அப்போதும் விக்கினால் நெட்வொர்க்கை மறந்துவிடலாம், சிறுதாங்கல்தான் வற்றுகிறது. பிளேயர் ராஸ்பெரி பை (சின்னக் கணினிப் பலகை) என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். 5 வோல்ட் என்பது 4.63-க்குக் கீழே இறங்கினால் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் சேர்ந்தால் இது சாதாரணம். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பை 3-லும் அதற்கு முந்தியவற்றிலும் நெட்வொர்க் கேபிளும் யூஎஸ்பியும் ஒரே பாதையில் போகின்றன. டிஸ்க், டிஏசி (எண்களை ஒலியலையாக மாற்றும் கருவி), லேன் மூன்றையும் அதில் தொங்கவிட்டால் நெரிசல் நிச்சயம். பை 4-ல் லேனுக்குத் தனிப் பாதை உண்டு. இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் தவணை எண்ணிக்கையை நான்கிலிருந்து எட்டாக்குங்கள். முதலிலேயே கூட்டினால் கோளாறு ஒளிந்துகொள்ளும்.

குச்சியில் விக்காமல் ஓடினால் இரண்டாம் சோதனை: ஒரு லேன் கேபிளைத் தரையில் போட்டு நேராக ரவுட்டரில் செருகுங்கள். விக்கல் நின்றால் குற்றவாளி வைஃபை. பிளேயர் இருக்கும் இடத்தில் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம்-க்கு (சிக்னல் வலிமையின் அலகு) மேல் இருப்பது நல்லது. மைனஸ் 75-க்குக் கீழே போனால் நம்பாதீர்கள். வெட்டுக்கல் சுவர் இரண்டைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், 2.4-க்கு மாறுங்கள்; சேனல் 1, 6, 11 இவற்றில் கூட்டம் குறைந்ததை எடுங்கள். சமையலறை மைக்ரோவேவும் அதே அலைவரிசையில்தான் இரைகிறது. ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு மென்பொருளைத் திட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு கலைச்சொல் வேண்டும், அதை இங்கே எழுத முடியாது.

பிளேயரின் வைஃபை மின்சேமிப்பையும் அணைத்துவிடுங்கள். பையில் இது பழைய தொல்லை. பொதி (நெட்வொர்க்கில் தரவு வரும் சிறு கட்டு) வந்தும் வைஃபை சில்லு தூங்கிக்கொண்டிருக்கும்.

மார்த்தாண்டத்திலிருந்து:

அண்ணாச்சிமாரே, ஒரு இடத்தில் எல்லோரும் வழுக்குவோம், அங்கே இப்போதே கல் நட்டுவிடலாம். ‘ஜிட்டர்’, அதாவது பொதிகள் சீரான இடைவெளியில் வராமல் முன்பின் வருவது. விக்கல் என்றவுடன் ஜிட்டர்தான் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். 18 நொடி இருப்புள்ள பெருந்தாங்கலை 200 மில்லிநொடி முன்பின் வருகிற பொதிகள் எப்படி வற்றவைக்கும்? முடியாது. பிளேயர் தானே கோப்பைக் கேட்டு வாங்குகிற முறையில், அந்தத் தாங்கல் வற்ற இரண்டே வழி: வரத்து எப்போதும் போக்கைவிடக் குறைவு, அல்லது வரத்து பல நொடி முழுதாக அடைபட்டது. முதலாவதைக் கண்டுபிடிக்க ஃபிளாக்கை 320 எம்பி3 ஆக மாற்றி ஓட்டுங்கள். விக்கல் போனால் அதுதான். இரண்டாவதுக்குப் பிளேயரிலிருந்து ரவுட்டருக்கு 300 பிங் (பதில் கேட்கும் சிறு பொதி) அனுப்பி, சராசரியை விட்டுவிட்டு உச்சத்தையும் தொலைந்த எண்ணிக்கையையும் பாருங்கள். சராசரி 4 மில்லிநொடி, ஆனால் இருபது பொதி வரிசையாகக் காணோம் என்றால் அதுவே அடைப்பு.

அடைப்புக்கு ஒரு நல்ல உதாரணம் 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள். ரேடார் சிக்னல் என்று சந்தேகம் வந்தால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு வெளியேற வேண்டும். அதே வகைச் சேனல் இன்னொன்றுக்குப் போனால் 60 நொடி சும்மா கேட்டுவிட்டுத்தான் பேசலாம். அந்த 52 நொடி எம்பி3 இருப்பும் அதற்குப் போதாது. 36 முதல் 48 வரை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஜிட்டர் உண்மையில் கடிப்பது அனுப்புகிறவர் தள்ளிவிடுகிற முறையில். ஸ்னாப்காஸ்ட் (பல அறைகளில் ஒரே பாட்டை ஒன்றாக ஓட்டும் மென்பொருள்) போன்றவற்றில் தாங்கல் இயல்பாகவே 1 நொடிதான். புளூடூத்தில் அதனினும் குறைவு. இதற்கு ‘நடுக்கம்’ என்று ஓர் பட்டியலில் பார்த்தேன். பொதி நடுங்கவில்லை, வர வேண்டிய முறைக்கு வரவில்லை. முறைத்தண்ணீர் விடும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு ‘முறைப்பிசகு’ என்றால் விளக்கமே தேவையில்லை. தண்ணீர் மொத்தத்தில் குறையவில்லை, என் முறைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, கடிகாரம். அனுப்பும் பெட்டியில் நேரம் அளக்கும் படிகமும் வாங்கும் பெட்டியின் படிகமும் பத்து லட்சத்தில் 50 பங்கு விலகினால் நொடிக்கு 2.2 மாதிரி வித்தியாசம். திருத்தம் எதுவும் செய்யாத மென்பொருள் என்றால், 4,096 மாதிரித் தாங்கல் சுமார் 31 நிமிடத்தில் வற்றும். நிரப்பிக்கொண்டு மறுபடி 31 நிமிடம். இப்படிக் கைக்கடிகாரம் வைத்துச் சொல்லக்கூடிய விக்கலுக்கு ரவுட்டர் மாற்றுவது வீண்செலவு. இதற்கு ‘கடிகார விலகல்’ என்று நேராகவே சொல்லிவிடலாம், அலங்காரம் வேண்டாம்.

திருத்தணியிலிருந்து:

அனுப்புகிறவர் கடிகாரம் வேகமாக ஓடினால் நேர்மாறாக நிரம்பி வழியுமே, அதற்கு என்ன? இங்கே ஏரி நிரம்பினால் ‘கோடி போகுது’ என்போம்.

செங்கோட்டையிலிருந்து:

இங்கே ‘மறுகால் பாயுது’. காதுக்கும் வித்தியாசம் உண்டு. வற்றினால் ஒரு வெறுமை கேட்கும். வழிந்தால் மாதிரிகள் கொட்டிப்போய்ப் பாட்டு ஒரு எட்டு தாவும், சின்ன ‘டிக்’ ஒலியோடு. உதவிப்பக்கத்தில் இதைச் சேர்க்கலாம்.

திரையில் வரும் செய்திகளை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

“பெருந்தாங்கல் வற்றியது. வரத்து 8 நொடியாக இல்லை. வைஃபை அல்லது சர்வரைச் சோதிக்கவும்.”

“சிறுதாங்கல் வற்றியது. பெருந்தாங்கலில் 14 நொடி இருப்பு உள்ளது. மின்சாரம், யூஎஸ்பி, சிபியு சுமை ஆகியவற்றைச் சோதிக்கவும்.”

“முறைப்பிசகு 340 மில்லிநொடி. தாங்கல் அளவைக் கூட்டவும்.”

மூன்றாவது செய்தி தள்ளிவிடும் முறையில் மட்டும் வர வேண்டும். மார்த்தாண்டம் அண்ணாச்சி சொன்னது நியாயம். கோப்பு ஓடும்போது அந்தச் செய்தியைக் காட்டினால் ஆளை வழிதவற விடுவதாகும். வழிவதற்கு மறுகாலா, கோடியா?

திருத்தணியிலிருந்து:

மறுகாலே இருக்கட்டுங்க. எண்கள் நிறைந்த திரையில் ‘கோடி’ என்று எழுதினால் ஒன்றுக்குப் பின்னால் ஏழு சைபர் போட்டுப் படிப்பார்கள்.