கேள்வியே கேட்காமல் புது மவுஸ் அனுப்புவதுதான் நல்ல சேவையா?

கதிரொளி:
என் மவுஸில் ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை அழுத்தியதாகப் பதிவானது. உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. பில்லையும் கோளாறு தெரியும்படி ஒரு வீடியோவையும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். "புதியது அனுப்பிவிட்டோம், பழையதைத் திருப்பித் தர வேண்டாம்" என்று உடனே பதில் வந்தது. வாங்கியவர் சொல்வதை நம்புகிறார்கள் பாருங்கள், அதுதான் சேவை.

செம்பருத்தி:
நம்பியது சரி. பழைய மவுஸ் எங்கே போகும்? குப்பைக்குத்தானே? இந்தக் கோளாறு பெரும்பாலும் பட்டனுக்கு அடியில் உள்ள மைக்ரோ சுவிட்சின் தொடுமுனை தேய்வதாலோ அழுக்கேறுவதாலோ வருவது. மற்ற பாகமெல்லாம் நன்றாகவே இருக்கும். 2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது 22.3 சதவீதம்தான். ஒரு சுவிட்சுக்காக முழு மவுஸையும் தூக்கிப்போடச் சொல்வதை என்னால் பாராட்ட முடியாது.

கதிரொளி:
சுவிட்சை மாற்ற சால்டரிங் (ஈயம் உருக்கி ஒட்டுவது) செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ரிப்பேருக்கு அனுப்பிவிட்டு அது திரும்பி வரும்வரை வேலையை எப்படிப் பார்ப்பது?

மூன்றாம்மாடி:
நான் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கேள்வி கேட்டாலே தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு நகர்கிறது என்று புகார் வரும். கணினியில் செருகும் அதன் சின்ன ரிசீவருக்குப் பக்கத்திலேயே யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பாதிக்கும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கி எழுதியிருக்கிறது. ரிசீவரை ஒரு நீட்டிப்பு கேபிளில் தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேட்காமல் புதிய மவுஸ் அனுப்பினால் அதுவும் அப்படியேதான் நகரும்.

கதிரொளி:
அது நியாயமான கேள்வி. வேறு போர்ட், வேறு கணினி எல்லாம் முயன்று பார்த்ததாக எழுதிய பிறகும், "ரீஸ்டார்ட் செய்தீர்களா?" என்று ஒருவர் கேட்பார். அடுத்த நாள் இன்னொருவர் வந்து பில்லை மறுபடி அனுப்பச் சொல்வார். ஆள் களைத்துப்போய் விட்டுவிடட்டும் என்று செய்வது போலவே இருக்கும்.

மூன்றாம்மாடி:
மறுக்க மாட்டேன். முந்தைய கடிதங்களைப் படிக்காமல் பதில் எழுதுவது மரியாதையே இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெட்செட்டின் பேட்டரி உப்பிவிட்டது என்று யாராவது சொன்னால் அதைப் பார்சலில் அனுப்பச் சொல்லவே கூடாது. லித்தியம் பேட்டரி வழியில் தீப்பிடிக்கலாம். அப்போது சார்ஜ் செய்வதை நிறுத்தச் சொல்லி, புதியதைக் கொடுத்து, பழையதை எங்கே ஒப்படைப்பது என்றும் சொல்லிவிட வேண்டும்.

செம்பருத்தி:
ஆபத்தான பொருளுக்கு அது சரி. சாதாரண மவுஸுக்கு ஏன்? சுவிட்ச், காது உறை, கேபிள் எல்லாவற்றையும் தனியாக விற்கட்டும். கழற்றும் முறையைப் படத்தோடு வெளியிடட்டும். திருகாணியை ஸ்டிக்கருக்கு அடியில் ஒளித்துவைத்து, பிரித்தால் உத்தரவாதம் போச்சு என்று மிரட்டுகிற நிறுவனம் எத்தனை புதிய மவுஸ் இலவசமாக அனுப்பினாலும் எனக்கு நல்ல நிறுவனம் இல்லை.

கதிரொளி:
உதிரிபாகம் விற்றால் உத்தரவாதம் முடிந்த பிறகு நானே வாங்குவேன். அதுவரை பழுது பார்ப்பது அவர்கள் பொறுப்பு. அந்த வேலையை என் தலையில் கட்டுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.