திருச்செந்தூர் முதல் கூட்டப்புளி வரை: கடலோர சைக்கிள் பயணம், அனுபவப் பகிர்வு

கச்சான்:

திருச்செந்தூரிலிருந்து குலசேகரப்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை வழியா கூட்டப்புளி வரைக்கும் கடலை ஒட்டியே சைக்கிள்ல போகலாம்னு நினைக்கிறவங்களுக்காக இந்த இழை. அந்தப் பாதையில என்னென்ன எதிர்ப்படும், அதை எப்படிச் சமாளிக்கணும்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. சொந்தக் கதையை விட்டுட்டு விவரமாச் சொன்னா வர்றவங்களுக்கு உதவும்.

முதல்ல நாள் பார்க்கிறதைப் பத்திச் சொல்லிடுறேன். இந்த ரோட்டுல வண்டி கூடுறதும் குறையுறதும் கோயிலையும் மீனையும் வச்சுத்தான். ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டுக்குத் தெற்கே கடற்கரை ஊர்கள்ல பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டாங்க, பூசைக்குப் போவாங்க. மீன் வண்டி, ஐஸ் வண்டி ஓட்டம் குறைஞ்சுடும். காலைல ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் மணப்பாடு - உவரி ரோடு கிட்டத்தட்ட உங்களுக்கே சொந்தம். ஆனா அதே ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் பக்கம் வேனும் காரும் வரிசை கட்டும். அதனால சனிக்கிழமை விடியுறதுக்குள்ள திருச்செந்தூரைத் தாண்டி, மணப்பாட்டுலயோ உவரியிலயோ தங்கிட்டு, ஞாயிறு காலைல தெற்கே கிளம்புறது நல்ல கணக்கு.

தூரம் பெரிசில்ல. திருச்செந்தூர் - மணப்பாடு சுமார் 20 கி.மீ., திருச்செந்தூர் - உவரி சுமார் 40 கி.மீ. ரோடு பூரா சமதரை. மேடுன்னு சொன்னா மணப்பாட்டுல திருச்சிலுவைக் கோயில் இருக்கிற மணல் குன்று ஒண்ணுதான்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: திருச்செந்தூர்ல கந்த சஷ்டி, வைகாசி விசாகம், ஆவணி - மாசித் திருவிழா, குலசை (குலசேகரப்பட்டினம்) முத்தாரம்மன் தசரா, மணப்பாட்டுல செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா. தசரா பத்து நாளும் உடன்குடி - குலசை ரோட்டுல வேஷம் கட்டினவங்க கூட்டம் கூட்டமா வருவாங்க. பார்க்கணும்னா நடந்து போய்ப் பார்க்கணும், சைக்கிளுக்கு அங்க இடம் இருக்காது.

---

ராதாபுரத்துக்காரன்:

அண்ணாச்சி நாளைச் சொல்லிட்டாங்க. அதே அளவு முக்கியம் காத்து.

வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் கச்சான் காத்து, மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா அது பாயுற வேகத்துக்குத்தான் முப்பந்தலிலிருந்து ராதாபுரம் வரைக்கும் காற்றாலைக் காத்தாடி நட்டு வச்சிருக்காங்க. கன்னியாகுமரியிலிருந்து திருச்செந்தூர் வரை கரை வடகிழக்காப் போகுது. ஆகவே ஆனி, ஆடியில தெற்கே தொடங்கி வடக்கே ஓட்டணும். ஐப்பசிக்கு மேல வாடை தொடங்கினதும் திருச்செந்தூரிலிருந்து தெற்கே. இதை மாத்திப் போட்டா என்ன ஆகும்னு ஒரு கணக்கு: நீங்க மணிக்கு 15 கி.மீ. போறீங்க, எதிர்க்காத்து 25. உடம்புல மோதுறது 40 கி.மீ. காத்து. காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால காத்தே இல்லாத நாளைவிட ஏழு மடங்கு தடை. 40 கி.மீ. தூரத்தை அப்படி மிதிச்சா அடுத்த நாள் கால் எழும்பாது.

பின்காத்துன்னு நம்பிப் போகும்போதும் கூடங்குளத்துக்கும் கூத்தன்குழிக்கும் இடையில கவனம் வேணும். அங்க காத்து மேற்கே இருந்து, இடது கைப்பக்கமா வரும். மரம், வீடு, சுவர் மறைச்ச இடத்துல வண்டி நேராப் போகும். மறைப்பு முடியுற இடத்துல ஒரே தள்ளு, ரோட்டு நடுவுக்குப் போயிடுவீங்க. பின்னாடி பஸ் வர்ற நேரமா இருந்தா ஆபத்து. மறைப்பு முடியுறதுக்கு முன்னாடியே ஹேண்டில்பாரைத் தளர்வாப் பிடிச்சு, உடம்பைக் குனிஞ்சு, இடது ஓரத்துல ரெண்டடி இடம் விட்டு ஓட்டுங்க. மூட்டையைப் பக்கவாட்டுல தொங்க விடாம கேரியர் மேல தட்டையாக் கட்டினா தள்ளு குறையும்.

காத்துக் காலம் இல்லாத மாசங்கள்லகூட பதினோரு மணிக்கு மேல கடல்காத்து ஏறிடும். விடியக்காலம் அஞ்சரைக்குக் கிளம்பி பத்து மணிக்கு எங்கயாவது நிழல்ல ஒதுங்கிட்டா வெயிலுக்கும் தப்பலாம், காத்துக்கும் தப்பலாம்.

---

சாத்தான்குளம் சைக்கிள் கடை:

பஞ்சர் பத்திக் கொஞ்சம் நீளமா எழுதுறேன். இந்தப் பக்கம் வர்ற வெளியூர்ப் பிள்ளைங்க பயணம் பாதியில நிக்கிறதுக்கு முதல் காரணம் அதுதான்.

முள்ளு மூணு வகை. மூணும் டியூப்பைக் கெடுக்கிற விதம் வேற வேற.

நெருஞ்சி: மஞ்சப் பூ பூத்துத் தரையோட படரும். கார்த்திகை மழைக்கு முளைச்சது தை, மாசியில காய் முத்தி உதிரும். ஒரு காய் உடைஞ்சா அஞ்சு துண்டு, ஒவ்வொண்ணும் எப்படி விழுந்தாலும் முள்ளு மேல பார்த்துத்தான் நிக்கும். ரோட்டோரத்துல மண்ணுல இறங்கி நின்னு தண்ணி குடிச்சுட்டு ஏறினாப் போதும், ரெண்டு டயர்லயும் ஏழெட்டு ஒட்டியிருக்கும். நிறுத்துறதா இருந்தா தார் மேலயோ சிமெண்ட் தளத்துலயோ நிறுத்துங்க. மண்ணுல இறக்கியே ஆகணும்னா சைக்கிளைத் தூக்கிட்டுப் போங்க.

உடைமுள்ளு: குடை மாதிரி நிக்குமே, அந்த உடைமரத்துது. வெள்ளையா, நேரா, ஊசி நீளம். ஆட்டுக்குக் கொப்பு வெட்டிப்போட்ட இடத்துல ரோட்டுலயே கிடக்கும்.

சீமைக் கருவேலமுள்ளு: இதுதான் மோசம். டயருக்குள்ள போய் நுனி ஒடிஞ்சு உள்ளயே தங்கிடும். வெளியே தடவிப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. புது டியூப் போட்டுக் காத்தடிச்சாலும் அஞ்சாவது கிலோமீட்டர்ல மறுபடி இறங்கும்.

செய்ய வேண்டியது: டியூப்பைக் கழட்டும்போது வால்வு டயர்ல எந்த இடத்துக்கு நேரா இருந்துச்சுன்னு சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. டியூப்புக்குக் காத்தடிச்சு, தண்ணியில முக்கி, குமிழி வர்ற இடத்தைக் கண்டுபிடிச்சு, வால்விலிருந்து அது எவ்வளவு தூரம்னு டயர் மேல வச்சு அளந்தா முள்ளு ஒளிஞ்சிருக்கிற இடம் தெரிஞ்சுடும். டயர் உள்பக்கத்தை விரலால தடவாதீங்க, கிழிச்சுடும். பஞ்சைச் சுருட்டி உள்பக்கம் முழுக்க ஒரு சுத்து இழுங்க. நார் எங்க மாட்டுதோ அங்க முள்ளு நிக்குது. மூக்குக் கொறடால உள்ளிருந்தே பிடுங்கணும். வெளியே இருந்து நோண்டினா நுனி இன்னும் உள்ளே போகும்.

ஒட்டுப்போடும்போது உப்புத்தாளால டியூப் மினுமினுப்புப் போற வரைக்கும் தேய்க்கணும், ஒட்டோட அளவைவிடச் சுத்தி அரை அங்குலம் கூடுதலா. சொல்யூஷன் மெல்லிசாத் தடவி அஞ்சு நிமிஷம் காய விடுங்க. தொட்டா ஒட்டாம, இழுத்தா மட்டும் பிடிக்கிற பதம் வரணும். அவசரப்பட்டு ஈரத்துல ஒட்டினா வெயில்ல தார் சூட்டுக்கு ஒட்டு நழுவிடும். இந்த ஊர் வெயிலுக்கு நூத்துக்குத் தொண்ணூறு ஒட்டு விடுறது இதனாலதான்.

அடுத்து வால்வு. கடலோரத்துச் சின்ன ஊர்க் கடைகள்ல இருக்கிறது பழைய 28 x 1½ சைக்கிளுக்கான டியூப்பும் வால்வு டியூப்பு ரப்பரும்தான். மோட்டார் சைக்கிள் மாதிரி தடிச்ச வால்வு உள்ள வண்டின்னா எந்த டூ வீலர் பஞ்சர் கடையிலயும் காத்தடிச்சுக்கலாம். மெல்லிசா, மேல சின்ன நட்டு திருகுற பிரெஸ்டா வால்வுன்னா பித்தளை அடாப்டர் ரெண்டு கையில இருக்கணும். அது இல்லாம ஊர்க்கடைப் பம்பு மாட்டாது. 700 அளவு டியூப் திசையன்விளையிலகூடக் கிடைக்கும்னு நம்பி வரக் கூடாது. ரெண்டு டியூப், ஒரு கைப்பம்பு, ஆறு ஒட்டு, புது சொல்யூஷன் கொண்டு வாங்க. திறந்த சொல்யூஷன் ட்யூப் ஒரு மாசத்துல உள்ளே காஞ்சு போயிருக்கும்.

---

தேரிமணல்:

மணலைப் பத்தி ஒரு வார்த்தை.

ஆடியில பெரியதாழை, மணப்பாடு பக்கம் தார் ரோட்டு மேலயே மணல் வந்து படியும். வளைவுல இருந்தா முன் பிரேக்கைத் தொடவே தொடாதீங்க. மணலுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, கியர் இருந்தா லேசான கியருக்கு மாத்தி, ஹேண்டில்பாரை நேரா வச்சு மிதிச்சுக்கிட்டே கடந்துடணும். நடுவுல மிதிக்கிறதை நிறுத்தினா முன் சக்கரம் புதைஞ்சு திரும்பிடும்.

குதிரைமொழித் தேரி மாதிரி செம்மணல் மேட்டுக்குள்ள சைக்கிளை ஏத்த ஆசை வரும். ஒன்றரை அங்குல டயர்ல நடக்காது. ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலமுள்ள டயர்ல காத்தை 20 - 25 பிஎஸ்ஐ-க்கு இறக்கி, பனி ஈரம் காயுறதுக்கு முன்னாடி, வண்டித்தடம் விழுந்த பாதையில மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டலாம். எட்டு மணிக்கு மேல மணல் உலர்ந்து இளகிடும், தள்ளத்தான் வேணும். வெளியே வந்ததும் மறக்காம 45 - 50க்கு ஏத்துங்க. ஏத்தாம தார்ல ஓட்டினா முதல் குழியிலயே ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையில டியூப் நசுங்கி ரெண்டு ஓட்டை பக்கத்துல பக்கத்துல விழும்.

கடற்கரை ஈர மணல்ல ஓட்டுறது படத்துக்கு நல்லா இருக்கும். இந்தக் கரையில ஏத்தவத்தம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால இறுகின ஈர மணல் பட்டை ரொம்பக் குறுகல். அதுல வலை, கயிறு, வள்ளம் எல்லாம் கிடக்கும். வலைமேல சைக்கிள் ஏத்துறது அவங்க பிழைப்பு மேல ஏத்துறது. வேண்டாம்.

உவரிக்குத் தெற்கே கரையில சிவப்பும் கறுப்புமாக் கோடு கோடா மணல் தெரியும். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். கார்னெட்டை உப்புத்தாள் செய்யவே பயன்படுத்துறாங்க, அவ்வளவு கடினம். எண்ணெய் சொட்டச் சொட்ட இருக்கிற செயின்ல அது ஒட்டினா பல்சக்கரத்தை அராவிக்கிட்டே வரும். தேங்காய் எண்ணெய் தடவவே கூடாது, மணலைப் பிடிச்சு வச்சுக்கும். இந்தப் பாதைக்கு ஏத்தது மெழுகு. செயினை மண்ணெண்ணெயில நல்லாக் கழுவி, காயவச்சு, கொதிக்கிற தண்ணிக்குள்ள வச்ச பாத்திரத்துல பாரஃபின் மெழுகை உருக்கி, அதுல பத்து நிமிஷம் போட்டு எடுத்துத் தொங்க விடுங்க. நேரடித் தீயில மெழுகை வைக்காதீங்க, பத்திக்கும்.

பயணம் முடிஞ்ச அன்னைக்கே நல்ல தண்ணியால கழுவித் துடைக்கணும், உப்பு ஒரு ராத்திரியில வேலையைக் காட்டிடும். குழாயை அழுத்திப் பிடிச்சு ஹப்புல அடிக்காதீங்க, கிரீஸ் வெளியேறிடும். தேய்மானம் பார்க்க ஸ்கேல் போதும்: செயின்ல 12 முழுக் கண்ணி (உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்தது ஒண்ணு) 12 அங்குலம் இருக்கணும். 12¹⁄₁₆ ஆயிட்டா மாத்த வேண்டிய நேரம்.

---

உடன்குடியிலிருந்து:

தண்ணீர். கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் சவர். ஆளுக்கு 3 லிட்டர் சுமந்து வாருங்கள். மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் வரும். ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து கலக்கி ஒரு பாட்டிலில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாசிக் கடைசியிலிருந்து ஆடி வரை பதநீர் கிடைக்கும். பனையேறி காலையில் இறக்கியதை அங்கேயே குருத்தோலைப் பட்டை பிடித்து ஊற்றுவார். பட்டையின் இரு முனையையும் சேர்த்துப் பிடித்து, விளிம்பில் வாய் வைத்து மெல்லச் சாய்த்துக் குடிக்க வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் புளிக்காமல் இருக்கிறது. எட்டு மணிக்குள் குடிப்பது உத்தமம். மதியம் சாலையோரம் பிளாஸ்டிக் குடத்தில் விற்பதில் சர்க்கரைத் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்புண்டு; பனங்காட்டுக்குள் இறங்குகிற இடத்திலேயே வாங்குங்கள். சாத்தான்குளம் வழி திரும்புகிறவர்கள் முதலூரில் மஸ்கோத் அல்வா வாங்கலாம், தேங்காய்ப் பாலில் கிண்டுவது, வெயிலிலும் ஒரு நாள் முழுக்கத் தாங்கும்.

---

உவரி:

சில சின்ன விஷயங்கள்.

கருவாடு காயப்போட்ட இடத்துல விடியக்காலம் நாய் கூட்டமா இருக்கும். வேகமா மிதிச்சுத் தப்பிக்கப் பார்க்காதீங்க, ஓடுறதைத்தான் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவுல வச்சு, நடந்து கடங்க. கடிச்சுட்டா 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைத் தொடங்கணும்.

கூடங்குளம் அணுமின் நிலையப் பக்கம் நிக்காதீங்க, கேமராவை வெளியே எடுக்காதீங்க. மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து பக்கம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டினாங்க. வேலி போட்ட இடத்துக்குள்ள பழைய மேப்பை நம்பி நுழையாதீங்க, ஊர்க்காரங்ககிட்ட கேட்டுப் போங்க. உவரி அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டம் வரும், தங்க இடம் தேடுறவங்க அந்த நாளை விட்டுடுங்க.

---

கச்சான்:

எல்லாரும் சொன்னதோட மழையும் ரயிலும் சேர்த்துக்கிடுங்க. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சு, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நின்னுபோச்சு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில கிளம்பினா வானிலை எச்சரிக்கை பார்க்காமப் புறப்படக் கூடாது. தரைப்பாலத்து மேல தண்ணி ஓடுச்சுன்னா, முழங்கால் ஆழம்தானேன்னு சைக்கிளோட இறங்காதீங்க. சக்கரம் நீரோட்டத்தைப் பிடிச்சு உங்களையும் சேர்த்து இழுக்கும்.

நெல்லைச் சந்திப்பிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில்ல சைக்கிள் கொண்டு வர்றவங்க ஒரு மணி நேரம் முன்னாடியே பார்சல் ஆபீஸ்ல லக்கேஜ் பதிவு பண்ணிடுங்க. பம்பு, பை, பாட்டில் எல்லாத்தையும் கழட்டிக் கையில வச்சுக்கிடுங்க. பேரும் போற ஸ்டேஷனும் எழுதின அட்டையை ஃபிரேம்ல ஒண்ணு, சீட்டுக்குக் கீழ ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல கட்டுங்க. நடுவுல உள்ள சின்ன ஸ்டேஷன்ல ரயில் நிக்கிற நேரத்துக்குள்ள பிரேக் வேன்ல இருந்து இறக்க முடியாது, அதனால கடைசி ஸ்டேஷனுக்கே பதிவு பண்ணுங்க. ரசீதைக் காட்டினாத்தான் சைக்கிளைக் கொடுப்பாங்க.