சிறையிலிருந்து வந்த கேள்வி

இயேசு உயிர்த்தெழுந்ததைக் கண்ணால் காணாமல் நம்பமாட்டேன் என்று சொன்ன சீஷன் தோமாவைப் பற்றி ஒரு சகோதரி முந்தைய பதிவில் எழுதியிருந்ததைப் படித்தபோது, டெல்லி மயூர் விகாரில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் நடந்த ஒன்றைப் பகிரத் தோன்றியது.

அன்று ஒருவர் தாம் அற்புதமாகச் சுகம் பெற்றதைச் சாட்சியாகச் சொன்னார். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து செவிலியர் வேலைக்கு வந்திருக்கும் தங்கை ஒருத்தி, "அண்ணா, எங்கள் வார்டிலும் ஒருவர் இப்படித்தான் அழுது ஜெபித்தார். அவர் இறந்துவிட்டார். ஆண்டவர் அவருக்கு ஏன் செவிகொடுக்கவில்லை?" என்று கேட்டாள். கூட்டத்தை நடத்தியவர் உடனே யாக்கோபு 1:6ஐ எடுத்து, சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்றார். அந்த வசனத்தை அப்படிப் பயன்படுத்துவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. அதற்கு முந்தைய வசனமே, கேட்கிற ஒருவரையும் கடிந்துகொள்ளாத தேவனைப் பற்றிப் பேசுகிறது.

அப்போது ஓய்வுபெற்ற அரசு ஊழியரான பெரியவர் ஒருவர் மத்தேயு 11ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். யோர்தானில் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானே, ஏரோது அரசனின் சிறையிலிருந்து, வாக்களிக்கப்பட்ட மீட்பரைக் குறித்து, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" என்று தன் சீஷரை அனுப்பிக் கேட்கிறார். குருடர் பார்வையடைவதையும் தரித்திரருக்குச் சுவிசேஷம் அறிவிக்கப்படுவதையும் போய்ச் சொல்லுங்கள் என்று, ஏசாயா தீர்க்கதரிசியின் சொற்களை நினைவூட்டும் விதமாக இயேசு பதிலளிக்கிறார். ஆனால் ஏசாயா 61:1இல் உள்ள, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்னும் வாக்கு அந்தப் பதிலில் இல்லை. சிறையில் இருப்பவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று அந்தப் பெரியவர் கேட்டார். எத்தனையோ முறை வாசித்த பகுதிதான் என்றாலும், இது அன்றுவரை என் கண்ணில் பட்டதில்லை. அந்தச் சீஷர்கள் போனபின்பு, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் இல்லை என்று இயேசு ஜனங்களிடம் சொல்கிறார். அப்படிக் கேட்டதற்காக யோவானின் மதிப்பு அவரிடத்தில் குறையவில்லை.

"அப்படியானால் யோவானுக்கு விடுதலை கிடைத்ததா, ஐயா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லையம்மா, 14ஆம் அதிகாரத்தில் ஏரோது அவருடைய தலையை வெட்டுவித்தான்" என்றார் அவர். அதை மென்மையாக்க ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

யோவான் தன் கேள்வியை இயேசுவிடமே அனுப்பினார் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்தத் தங்கையும் தன் கேள்வியை மனதில் புதைக்காமல் ஜெபக்கூட்டத்திற்கே கொண்டுவந்தாள். சாட்சி வேளை முடிந்ததும், சுகம் கிடைக்காதவர்களுக்காகவும், பதில் தெரியாத கேள்விகளோடு இருப்பவர்களுக்காகவும் இப்போது நாங்கள் ஜெபிக்கிறோம். உங்கள் சபைகளில் இத்தகைய கேள்விகளுக்கு எப்படி இடம் கொடுக்கிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.