கியோட்டோவில் ரியோகான்: சாப்பாட்டோடு எடுக்கலாமா, அறை மட்டும் போதுமா?

சிட்டுக்குருவி: கியோட்டோவில் 4 இரவு, இரண்டு பேர், ஒருவர் சுத்த சைவம். நாலு இரவும் ரியோகானிலேயே (பழைய பாணி ஜப்பானிய விடுதி) தங்க யோசனை. ஃபுயாச்சோ தெருவில் இருக்கிற ஹீராகியா, தவராயா மாதிரி பெரிய பெயரா, சாப்பாடு போடாத சின்ன விடுதியா?

நடைராஜா: நாலு இரவும் வேண்டவே வேண்டாம். 'இப்பாகு நிஷொகு' என்றால் ஓர் இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு. வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு. பிற்பகல் 3 மணிவாக்கில்தான் அறை தருவார்கள். இரவுச் சாப்பாடு 6, 6.30க்கு ஆரம்பித்தால் ஒவ்வொரு பதார்த்தமாக வந்து முடிய இரண்டு மணி நேரம். ஃபுஷிமி இனாரி கோயில் மலையில் பாதி ஏறும்போதே திரும்ப வேண்டியதுதான். 'சுதொமாரி', அதாவது அறை மட்டும், எடுங்கள். ஊர் முழுக்கச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது.

பாய்விரிப்பு: சாப்பாட்டை எடுத்துவிட்டால் மிச்சம் தத்தாமிப் பாயும் மெத்தையும்தான் நடைராஜா. ஹீராகியா 1818இல் தொடங்கிய இடம். அங்கே ராத்திரி 9க்கு வந்து படுத்து எழுந்து போவது காசுக்குப் பிடித்த கேடு. மூன்று இரவு ஓட்டல், கடைசி இரவு மட்டும் ரியோகான், அன்று 3 மணிக்கே உள்ளே போய்விடணும். முதல் இரவு கூடாது: விமானம் தாமதமானால் சாப்பாட்டு நேரம் போய்விடும், சமைத்ததற்குக் காசு திரும்பாது. நேரத்துக்கே வந்தாலும் ஜப்பானில் மாலை 6.30 என்பது நம் ஊர்க் கணக்கில் மதியம் 3 மணி. பசி எங்கே எடுக்கும்?

நடைராஜா: வரியையும் சொல்லுங்கள். மார்ச் 2026 முதல் கியோட்டோ தங்கல் வரி தலைக்கு ஓர் இரவுக்கு: 6,000 முதல் 19,999 யென் வரை வாடகைக்கு 400, 49,999 வரை 1,000, 99,999 வரை 4,000, லட்சம் யென்னைத் தொட்டால் 10,000. சின்ன விடுதிக்கும் பெரியதற்கும் வித்தியாசம் இங்கேயே தெரியும்.

கொம்புச்சாறு: இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். சைவத்துக்குச் சிக்கல் மீன் துண்டு இல்லை, 'தாஷி' என்கிற சாறு. கட்சுவோ மீனைக் காயவைத்துச் சீவி எடுப்பது. கத்தரிக்காய், டோஃபு, சூப் எல்லாம் அதில்தான் வேகும். "மீன், கறி வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் மீனை எடுத்துவிட்டு அதே சாறில் வெந்த காய்கறி வரும். சமையல்காரர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது சைவம். கொம்பு என்கிற கடற்பாசியும் ஷீதாகே காளானும் போட்ட சாறு தர முடியுமா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்கணும். முடியாது என்றால் கோயில் தங்குமிடமான 'ஷுகுபோ' பாருங்கள். அங்கே போடும் ஷோஜின் சமையலில் மீன் சாறும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது.

பாய்விரிப்பு: இது சரியான பாயிண்ட். நான் என் யோசனையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்: சாறு மாற்ற ஒப்புக்கொள்ளாத இடத்தில் காலைச் சாப்பாடுகூட வேண்டாம், மிசோ சூப்பிலும் அதே தாஷிதான்.

நடைராஜா: சின்ன விடுதி எடுத்தால் இரண்டு கேள்வி. வாசல் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? சில இடங்களில் 10, 11 மணிதான். குளியல் பொதுவா, உள்ளே பூட்டிக்கொள்ளும் 'காஷிகிரி'யா? தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் இறங்கணும், முடிந்ததும் அடைப்பைப் பிடுங்கக் கூடாது. அடுத்தவருக்கும் அதே தண்ணீர்.

சிட்டுக்குருவி: அப்போ கடைசி இரவு மட்டும். ஒருவருக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது.

பாய்விரிப்பு: மின்னஞ்சலில் சேர்த்து எழுதுங்கள்: உயர நாற்காலி, மேசை வேண்டும், தரைத்தள அறை வேண்டும் (பழைய மரவீட்டுப் படி ஏணி மாதிரி செங்குத்து), கட்சுவோ தாஷி கூடாது. மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். "முயற்சி செய்கிறோம்" என்று வந்தால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.